கடன் சொல்லிக் கோப்பி குடித்த கவிஞன்

றியோ டி ஜெனீரோ என்னும் பிரேசில் நாட்டு நகரத்தின் பெயரைக் கேட்டதும் கடற்கரையும் கானிவல் திருவிழாவும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரத்துச் சாதாரண மக்கள் தம் இரவுகளைக் கழித்த இடம் கடற்கரையன்று. தெருமூலைகள் தோறும் திறந்து கிடந்த சிறு கடைகளேயாம். போத்தெக்கீம் என்பது அவற்றின் பெயர். காலையிற் கோப்பியும் வெண்ணெய் பூசிய பாணும் விற்கும் அதே கடை, மாலையிற் பியரும் கரும்புச் சாராயமும் விற்கும். தேநீர்க்கடை என்றாலும் பொருந்தாது. மதுக்கடை என்றாலும் பொருந்தாது. தவறணை என்று நாம் வழங்கும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. மேசை, கதிரை, பாண் என்பனவும் அவர்கள் சொற்களே. பிரேசில் மக்களின் மொழியும் போர்த்துக்கேயமே ஆதலால், கடல் பல கடந்து அக்கடையினுள் நுழையும் நமக்கு அங்குள்ள பொருள்களின் பெயர்களாவது அந்நியமானவை அல்ல.

இக்கடைகளையே கல்லூரியாகவும் காரியாலயமாகவும் கொண்டு வாழ்ந்தவன் நோயெல் றோசா. எட்டாண்டுகளுள் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றி, இருபத்தாறு வயதில் மறைந்தவன். சம்பா என்பது நமக்கு நெல்லின் பெயர். பிரேசிலியருக்கோ அஃது உயிரோடு கலந்த இசை. ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் வளர்த்த அவ்விசைக்கு நகரத் தெருவின் அன்றாடப் பேச்சைச் சொல்லாக்கித் தந்தவர்களுள் இவனுக்கு இணை சொல்லத்தக்கவர் மிகச் சிலர்.

1910ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், றியோவின் வடபால் உள்ள விலா இசபெல் என்னும் பகுதியில் அவன் பிறந்தான். பிறப்பே பெருந்துன்பமாயிற்று. ஆயுதம் வைத்துக் குழந்தையை எடுத்தபோது கீழ்த்தாடை முறிந்தது. முகத்தின் வலப்பக்கம் இயக்கமிழந்தது. பின்னர்ச் செய்த சத்திரசிகிச்சைகளும் குறையைத் தீர்க்கவில்லை. உணவை மெல்லுதல் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் இடர் தருவதாகவே இருந்தது. பிறர் முன்னிலையில் உண்ணக் கூசினான். பள்ளித் தோழர்கள் தாடையைச் சுட்டியே பட்டப்பெயர் வைத்தனர். பலர் நடுவே உண்ண நாணிய ஒருவன், பலர் நடுவே குடிப்பதற்கு மட்டும் நாணாமலிருந்தான் என்பதை அவன் வாழ்வைப் படிப்போர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

விலா இசபெல், திறுமொண்ட் பிரபு என்பவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய குடியிருப்பு. அடிமை ஒழிப்புச் சட்டத்தில் 1888இல் ஒப்பமிட்ட இளவரசியின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அதன் பெருந்தெருவின் பெயர் செப்டெம்பர் 28. அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என விதித்த 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாள் அது. இத்துணை உயர்ந்த பெயர்களுக்கிடையே, அதே பிரபு தம் மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டஞ் சேர்க்க 1892இல் தொடங்கிய விலங்குச் சீட்டு என்னும் சூதாட்டமும் அங்கேதான் பிறந்து நாடெங்கும் பரவியது. தெருவில் டிராம் வண்டி, கூப்பிடு தூரத்தில் நெசவாலை, தெருமூலையிற் போத்தெக்கீம். இவையே அவன் வளர்ந்த உலகம்.

தாயார் மார்த்தா ஓர் ஆசிரியை; வீட்டிலேயே சிறு பள்ளி நடத்தியவர். மண்டலின் வாசிக்க மகனுக்குக் கற்பித்தவரும் அவரே. பின்னர் அவன் கிற்றாரைக் கைக்கொண்டான். வாத்தியத்தைத் தொட்டதும் தன் முகத்தை எவரும் பார்ப்பதில்லை என்பதைக் கண்டுகொண்டான் போலும். 1929இல் அயலிலுள்ள இளைஞர் சிலரோடு ஒரு பாடகர் குழுவிற் சேர்ந்தான். 1930இல் அவன் பாடிப் பதிவுசெய்த ‘எந்த உடையில்’ என்னும் பாடல் அடுத்த ஆண்டுக் கானிவலில் நகரமெங்கும் ஒலித்தது. சம்பாக் கூத்துக்கு அழைக்கப்பட்டவன் போட்டுக்கொள்ள நல்ல உடையின்றித் தவிப்பதே அதன் பொருள். உலகச் சந்தையிற் கோப்பியின் விலை சரிந்து, பிரேசில் முழுவதும் கந்தலுடுத்தி நின்ற காலம் அது. முதலில் அப்பாடலின் மெட்டுத் தொடக்கம் நாட்டின் தேசிய கீதத்தை ஒத்திருந்தது. இசையறிந்த நண்பர் ஒருவர் அதனை மாற்றிக் கொடுத்தார்.

மகன் மருத்துவனாக வேண்டுமென்பது குடும்பத்தின் ஆசை. 1931இல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தான், நெடுநாள் நிலைக்கவில்லை. அப்படிப்பின் பயனாக எஞ்சியது இதயத்தைப் பற்றிய ஒரு சம்பாப் பாடல் மட்டுமே. அதில் அசுத்த இரத்தத்தைச் சுத்த இரத்தமாக்கும் தொழிலை இதயத்துக்குக் கொடுத்துவிட்டான். அது நுரையீரலின் தொழில் என்பதை நம் பள்ளி மாணவரும் அறிவர். நுரையீரலை அவன் மறந்தான். நுரையீரல் அவனை மறக்கவில்லை.

கல்லூரியை விட்டவன் கற்ற இடம் வேறு. சம்பாவை வளர்த்த கறுப்பினத்தவர் நகரத்து மலைச்சரிவுகளிற் குடிசை அமைத்து வாழ்ந்தனர். பொலிசார் அவர்களை ஐயத்தோடு நோக்கிய காலம் கழிந்து நெடுநாளாகவில்லை. வெள்ளை நிறமும் பள்ளிப் படிப்பும் உடைய நடுத்தரக் குடும்பத்து இளைஞன் ஒருவன், இஸ்மாயெல் சில்வா, கார்ட்டோலா போன்ற அம்மக்களின் கவிஞர்களோடு சேர்ந்து பாட்டுக் கட்டினான் என்றால் அஃது அக்காலத்துக்குப் புதுமை. வீட்டு வரவேற்பறையில் நடந்திருக்கக்கூடிய செயலன்று அது. மலிவான கடையில் நடந்தது. கோப்பிக்கும் ஒரு குவளைச் சாராயத்துக்கும் உரிய சில்லறை எவரிடம் உண்டோ அவருக்கு அங்கே கதிரை உண்டு.

இதனைக் கொண்டு அம்மேசைகளைச் சமத்துவத்தின் கோயில் என்று நாம் போற்றிவிடலாகாது. அக்காலத்தில் நகரின் நடுவே கஃபே நீஸ் என்றொரு கடை இருந்தது. பாடலாசிரியர் கூடும் சந்தை அது. அத்தகைய இடங்களில் ஏழைக் கவிஞர் பாடலை விற்பர். புகழ்பெற்ற பாடகர் வாங்கித் தம் பெயரையும் சேர்த்துக்கொள்வர். பிரான்சிஸ்கோ ஆல்வெஸ் என்னும் பெரும் பாடகரின் பெயர் இஸ்மாயெல் சில்வாவின் பாடல்களில் ஏறியது இவ்வாறே. நோயெலும் ஆல்வெஸிடம் ஒரு மோட்டார் வண்டியை வாங்கி, அதன் விலையைப் பாடல்களாகவே செலுத்தினான். ஆயினும் அவனுக்குத் திரும்பிச் செல்லத் தாயின் வீடு இருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவருக்கு அது இல்லை.

1932இல் வானொலியில் விளம்பரங்களுக்கு அரசு அனுமதி வழங்கியது. பணம் புழங்கத் தொடங்கிய அத்துறையில் ஆதெமார் கசே என்பவர் நடத்திய நிகழ்ச்சியில் நோயெல் வேலை பார்த்தான், பாடவும் செய்தான். அக்காலத்தில் வாதிக்கோ என்னும் பியானோக் கலைஞனின் நட்புக் கிடைத்தது. அவன் மெட்டமைக்க இவன் சொல்லமைக்கப் பிறந்த பாடல்களுள், 1935இல் வெளிவந்த ‘போத்தெக்கீம் உரையாடல்’ இங்கே நின்று நோக்கத்தக்கது.

ஒருவன் கடையினுள் அமர்ந்து பரிமாறுபவனை ஏவுகிறான். மீளச் சூடாக்காத கோப்பி வேண்டும், சூடான பாண் வேண்டும், வெண்ணெய் குறையலாகாது, குளிர்ந்த நீர் வேண்டும், வெயில் படாதபடி கதவைச் சாத்தவேண்டும். அவ்வளவில் நின்றானா? உதைபந்தாட்டத்தின் முடிவைப் பக்கத்து மேசையிற் கேட்டு வரச் சொல்கிறான். பேனாவும் மையும் கடித உறையும் கேட்கிறான். தொலைபேசியில் ஒருவரை அழைத்துக் குடை கொண்டுவரச் சொல்லுமாறு பணிக்கிறான். முடிவில், கைப்பணம் விலங்குச் சீட்டுக்காரனிடம் போய்விட்டதென்று கூறிச் சிறிது கடனும் கேட்டு, உண்டதன் கணக்கையும் தொங்கவிடச் சொல்லிவிடுகிறான். கடன் கணக்கைக் கொக்கியிற் குத்தித் தொங்கவிடுதல் அவர்கள் வழக்கம். நம் கடைகளிற் கொப்பியில் எழுதுவது போல.

பிரேசிலியர் இதனை நகைச்சுவைப் பாடலாகவே போற்றுகின்றனர். நகைச்சுவைதான், ஐயமில்லை. ஆயினும் கூர்ந்து நோக்கின், மேசை, பேனா, தொலைபேசி, செய்தி, நிழல் என்னும் இவையெல்லாம் செல்வர் வீட்டிலும் காரியாலயத்திலும் கிடைப்பவை. இவை எவையுமில்லாத ஒருவன் ஒரு கோப்பியின் விலைக்கு அவற்றை ஒரு மணிநேரம் தனக்குரியனவாக்கிக் கொள்கிறான், அவ்விலையையும் கொடுத்தானில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. பெயர் உரையாடல் எனினும் பேசுபவன் ஒருவனே. பரிமாறுபவன் ஒரு சொல்லும் மறுமொழி கூறுவதில்லை. ஒருவனின் மலிவான இன்பத்துக்கு மற்றொருவனின் கால்நோவே முதலீடு என்பதைச் சொல்லாமற் சொல்லிய பாடல் என்றே யான் இதனை மதிப்பேன்.

விலா இசபெல்லின் கடைகள் அடைத்தபின் செல்வதற்கு இருந்த இடம் லாப்பா. போர்த்துக்கேயர் ஆட்சியில் நீர் கொண்டுவரக் கட்டிய உயர்ந்த வளைவுகளின் அருகே, மதுக்கடைகளும் நடன விடுதிகளும் சூதாட்டக் கூடங்களும் நெருங்கிய பகுதி. 1934ஆம் ஆண்டு யூன் மாதம், புனித யோவான் திருநாளிரவில், அங்குள்ள அப்பொலோ விடுதியில் செசி என்னும் இளம் நடனக்காரியைக் கண்டான். அன்றுதொட்டு அவன் எழுதிய காதற் பாடல்களிற் சிறந்தவை அவளைப் பற்றியன. அதே ஆண்டு டிசம்பரில் அவன் மணம் முடித்தது லிந்தவுரா என்னும் வேறொரு பெண்ணை. அப்பெண்ணுக்கு அவன் இழைத்தது நன்றென எவரும் சொல்லார். பாடல்களின் அழகு கருதி வாழ்வின் குறையை மூடுதல் வரலாறு எழுதுவோர்க்கு அழகன்று.

வில்சன் பட்டிஸ்டா என்னும் இளங் கவிஞனோடு அவன் நிகழ்த்திய பாட்டுப்போரும் இக்காலத்ததே. வேலையின்றிச் சவரக் கத்தியோடு திரியும் தெருவீரனைப் பெருமைப்படுத்தி வில்சன் 1933இல் ஒரு சம்பா இயற்ற, கத்தியை விட்டுத் தாளும் பென்சிலும் எடுக்குமாறு நோயெல் மறுமொழி பாடினான். போர் வளர்ந்தது. நோயெலின் முகத்தையே எள்ளி, அரக்க உருவத்தோடு ஒப்பிட்டு ஒரு பாடல் வந்தது. அதற்கு அவன் வசை திருப்பவில்லை. பின்னர் வில்சனின் மெட்டொன்றுக்குத் தானே சொல்லெழுதி நண்பனானான். தன் ஊரின் மந்திரம் நாகரிகமானது என்று அவன் பாடிய 1934ஆம் ஆண்டுப் பாடலில், கறுப்பினத்தாரின் வழிபாட்டைச் சிறுமைப்படுத்தும் தொனி உண்டெனப் பிற்காலத்தார் குறை கண்டனர். அக்குறை வெறும் கற்பனையென்று தள்ளத்தக்கதன்று.

இதற்கிடையே கயரோகம் பற்றிக்கொண்டது. மணமான சில வாரங்களில், மலைநாட்டு நகரமான பெலோ ஒறிசோந்தேக்கு மனைவியுடன் சென்று, அங்கிருந்து தன் மருத்துவருக்குச் செய்யுள் வடிவிற் கடிதம் எழுதினான். உடல் சற்றுத் தேறியது. தேறியதும் அந்நகரத்து மதுக்கடைகளையும் வானொலி நிலையத்தையும் தேடிச் சென்றான். றியோவுக்கு மீண்டபின் பழைய இரவுகளே தொடர்ந்தன. அதே 1935இல் தந்தையார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மெல்ல இயலாத தாடை, பசியற்ற வயிறு, விடியுமட்டும் குளிர்ந்த பியர், ஓயாத சிகரட்டு. பியரும் ஓர் உணவே என்று அவன் வாதிட்டதாக நண்பர்கள் சிரித்துச் சொல்வதுண்டு. அக்கதையில் நமக்குச் சிரிப்பு வரவில்லை. கயரோகத்தைத் தீர்க்கும் முதல் மருந்தாகிய ஸ்ரெப்ரொமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இறுதி மாதங்களிற் செசியை நினைந்து ‘கடைசி விருப்பம்’ என்னும் பாடலை அமைத்து, வாதிக்கோவைக் கொண்டு அதன் இசையை எழுதுவித்தான். பிரிந்தவள் தன்னைப் பற்றி ஊராரிடம் என்ன சொல்லவேண்டும் என்பதே அதன் பொருள். தான் வெறுக்கும் மனிதர்க்கு, அவன் குடியிருப்பே போத்தெக்கீம்தான் என்று அவள் சொல்லிக்கொள்ளட்டும் என விட்டுவிடுகிறான். 1937ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், தான் பிறந்த தெருவிலேயே உயிர் நீத்தான். அப்பாடலை அராசி டி அல்மெய்டா என்னும் பாடகி இசைத்தட்டிற் பாடியது அவன் இறந்த பின்னரே.

பத்தாண்டுகள் அவன் பெயர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. அதனை மீட்டவரும் அராசியே. நகரத்துச் செல்வர் கூடும் கொப்பக்கபானாவில், வோக் என்னும் விலையுயர்ந்த இரவு விடுதியில் அப்பாடல்களை அவர் பாடினார். 1950 அளவில் புதிய இசைத்தட்டுகளும் வெளிவந்தன. கடன் சொல்லிக் குடித்த கோப்பியின் பாட்டை, ஓரிரவுக்குப் பெரும்பணம் செலவிடக்கூடியவர் கைதட்டிக் கேட்டனர். அவ்விடுதி 1955இல் தீக்கிரையாயிற்று. இளமைத் தோழரான அல்மிரான்தே வானொலித் தொடராகவும், 1963இல் நூலாகவும் அவன் வரலாற்றைச் சொன்னார்.

1960களில் விலா இசபெல்லின் பெருந்தெரு நடைபாதையிற் கறுப்பும் வெள்ளையுமான கற்களால் இசைக்குறிப்புகளைப் பதித்தனர். அத்தெருவின் தொடக்கத்தில் 1996இல் ஒரு வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. நோயெல் மேசையில் அமர்ந்திருக்க, பரிமாறுபவன் அருகே நிற்கிறான். எதிரே ஒரு வெற்றுக் கதிரை. அச்சிலையின் பகுதிகளை உலோகத்தின் விலைக்காக இரவிற் கழற்றிச் சென்றவர்களும் உண்டு.