சாம்பவர் வடகரையில் பிறந்த பண்டிதர்



சபையில் வருகிற ஜெபக் குறிப்புகளில் பாதி விசாவுக்காகத்தான். அமெரிக்காவுக்குப் போனால்தான் உழைப்புக்குப் பலன் என்று நம்ம வாலிபர்கள் சொல்லுகிறார்கள். அவர்களுக்காகவே ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதரின் ஜீவியத்தை எழுதுகிறேன்.

தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859 ஆகஸ்டு 2-ல் பிறந்தார். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அங்கேயே வாத்தியார் வேலையும் பார்த்தார். சுருளி மலையில் கருணானந்தர் என்கிற சாதுவிடம் சித்த மருத்துவம் கற்றார். இது நம்மில் சிலருக்கு நெருடும். மருந்தைப் பற்றியும் நமக்குள்ளே பல அபிப்பிராயம் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம்.

கலியாணமான பின் தஞ்சாவூருக்குப் போய், புருஷனும் மனைவியும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தார்கள். மாசம் பிறந்தால் சம்பளம். 1890-ல் அதை விட்டுவிட்டு முழுநேர வைத்தியத்தில் இறங்கினார். இப்போ யாராவது அப்படிச் செய்தால் சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா? மூலிகை வேண்டுமே என்று ஊருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். கற்றுக்கொடுத்தவரை மறக்காமல் அதற்குக் கருணானந்தபுரம் என்று பேர் வைத்தார். ஜனங்களுக்கோ அது பண்டிதர் தோட்டம். அவருடைய சஞ்சீவி மருந்துகள் கடல் தாண்டி இலங்கை, பர்மா வரைக்கும் போயின. கையில் பணம் சேர்ந்தது. 1909-ல் ராவ் சாகிப் பட்டமும் வந்தது.

அந்தப் பணம் எங்கே போச்சு என்பதுதான் எனக்குப் பெரிசு. ஆசீர்வாதம் என்றால் காரும் பங்களாவும் என்று பிரசங்கிக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும். வாலிபத்திலே பிடித்த சங்கீத ஆசை அவரை விடவில்லை. 1912-ல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை ஆரம்பித்து, வித்துவான்களைக் கூட்டித் தன் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடா மாநாட்டுக்குப் போய், தன் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். மக்களைக் கொண்டு பாடியும் வீணை வாசித்தும் காட்டினார். கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல்! தமிழிசையின் பழமையை ஆராய்கிற புஸ்தகம். அச்சடிக்கக்கூட வெளியே அலையவில்லை, சொந்த அச்சுக்கூடம்.

1919 ஆகஸ்டு 31-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது அறுபது. தான் உண்டாக்கின தோட்டத்திலேயே அடக்கம்பண்ணினார்கள். அந்தப் புஸ்தகத்தின் இரண்டாம் பாகத்தை 1946-ல் மகள் மரகதவல்லி வெளியிட்டார்.