கொடுத்தது நின்றது
(பிரேம்சந்த் ராய்சந்த், 1831–1906)

சமண அறம் போற்றும் நால்வகைத் தானங்கள் உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்பன. இவற்றுள் சாத்திர தானத்தைத் தம் செல்வம் உச்சத்தில் இருந்தபோதே செய்து, அச்செல்வம் அழிந்த பின்னும் அதன் பயன் அழியாமல் நிற்கக் கண்டவர் பம்பாய் வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த்.

சூரத் நகரின் சமண வணிகக் குடும்பமொன்றில் 1831இல் பிறந்த அவர், இளமையிலேயே பம்பாய்க்கு வந்து ஆங்கிலம் கற்றார். அந்நாளில் ஆங்கிலம் அறிந்த தரகர் மிகச் சிலரே. ஆதலால் அக்கல்வியே அவருடைய தொழிலுக்கு முதலாயிற்று. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பருத்தி வருவது தடைப்பட்டதும், இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயில் பொன் மழை பொழிந்தது. புதிய வங்கிகளும் நிறுவனங்களும் நாள்தோறும் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனமொன்றின் ஐயாயிரம் ரூபாய்ப் பங்கு ஐம்பதாயிரம் வரை விலை போயிற்று. இந்த வணிகத்தின் நடுநாயகமாக விளங்கியவர் பிரேம்சந்த்.

அவ்வேளையில் அவர் கொடையை நாளைக்கென்று தள்ளவில்லை. 1864 ஆகஸ்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் நூலகத்திற்கு இரண்டு இலட்சம் ரூபாயும், அக்டோபரில் மணிக்கூண்டுக்கு மேலும் இரண்டு இலட்சமும் வழங்கினார். மணிக்கூண்டுக்குத் தம் அன்னை இராஜாபாயின் பெயரை இடச் செய்தார். கண்ணொளி இழந்த அவ்வம்மையார் பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பு வழுவாதிருக்க, மணியோசை துணையாகும் என்று மகன் எண்ணியதாக ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு.

1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பங்குகள் வெறும் தாள்களாயின. பிரேம்சந்தின் பெருஞ்செல்வம் கரைந்தது. அவரை நம்பிப் பொருள் இட்ட பல குடும்பங்களும் வறுமையுற்றன. பம்பாய் வங்கியும் வீழ்ந்தது. அதனை ஆராய்ந்த குழு அவர்மீதும் குறை கண்டது. பேராசைக்கு அளவு வகுக்காத வணிகம் எத்துணைப் பேரை வீழ்த்தும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகிவிட்டது.

இச்சரிவு தொடங்கிய பின்னர், 1866இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் இரண்டு இலட்சம் ரூபாய் அளித்தார். முதலைக் காத்து அதன் வருவாயைக் கொண்டு உயர்கல்வி மாணவர்க்கு உதவும் நிதியாக அது அமைந்தது. பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை எனப் பெயர் பெற்ற அதனைப் பெற்றவர்களுள் அசுதோஷ் முகர்ஜியும் வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்காரும் அடங்குவர். அகமதாபாத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் அவர் பெயர் தாங்கியது. இராஜாபாய் மணிக்கூண்டு 1878இல் 280 அடி உயரத்தில் நிறைவுற்றது. அதனை எழுப்பிய பொருள் அவர் கையிலேயே இருந்திருப்பின், 1865இன் வெள்ளத்தில் அதுவும் சேர்ந்தே போயிருக்கும்.

பிரேம்சந்த் மீண்டும் தொழில் புரிந்தார். 1875இல் பம்பாய்ப் பங்குத் தரகர் சங்கத்தை நிறுவியோருள் ஒருவரானார். 1906இல் மறைந்தார்.

அவர் தம்மிடம் வைத்துக்கொண்டது போயிற்று. பிறர் பொறுப்பில் கல்விக்கென ஒப்படைத்தது நின்றது. பிள்ளைகளின் படிப்புக்கென ஒவ்வொரு குடும்பமும் சேர்க்கும் பொருளுக்கும் இது பொருந்தும். வாணிகத்திலும் வீட்டுச் செலவிலும் கலந்து கிடக்கும் பணம் கல்விக்கு உதவும் என்பதற்கு உறுதியில்லை. அதைத் தனியே பிரித்து, நம்பத்தக்கோர் பொறுப்பில், முதல் குறையாதபடி எழுத்தில் வரையறுத்து வைத்தால், மகனுக்கும் மகளுக்கும் மட்டுமின்றிப் பேரப்பிள்ளைகளுக்கும் அது பயன்படும். மிகுபொருளுக்கு வரம்பு கட்டுக என்னும் அணுவிரதம் துறவுக்கு வழியாவதோடு, இல்லறத்தார்க்கும் காவலாகும். அவ்வரம்புக்கு அப்பாற்பட்ட பொருள் சாத்திர தானமாகட்டும். அதையும் கையில் பொருள் உள்ளபோதே செய்தல் நன்று.