புடவை மூட்டை சுமந்தவர்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் எழுதுவினைஞனாக இருந்தேன். ஒருமுறை மேலிடம் எங்களுக்கு வினாத்தாள் வழங்கியது. வேலையில் திருப்தி எவ்வளவு என்று ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமிட வேண்டும். தாளின் தலையில் பெயரும் எழுத வேண்டும்! சம்பளம் போதாமல் கடன்பட்டிருந்த நானும் ஐந்து என்றே இட்டேன். ஊழியர் யாவரும் பெருந்திருப்தியோடு இருப்பதாகப் பின்னர் அறிக்கை வந்தது. அதை வாசித்த மாலை, கடற்கரையில் அமர்ந்திருந்த எனக்குக் கோ. நடேசய்யரின் நினைவு வந்தது.

தஞ்சைச் சீமையில் 1887-ல் பிறந்த அவர் பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். 1919-ஐ ஒட்டி இலங்கைக்கு வந்தபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் உள்ளத்தை நேரில் அறிய விரும்பினார். துரைமாரின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துள் கால்வைக்க இயலாத காலம் அது. ஆகவே புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, லயங்களுக்குள் புகுந்தார்.

அவர் கண்டது கடனாளிகளின் உலகம். கடன் தொகை குறித்த 'துண்டு' கையில் இல்லாமல் ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அம்முறை 1921-ல்தான் ஒழிந்தது. அத்தகையவன் துரையின் முன்னாலோ கங்காணியின் முன்னாலோ மனக்குறையை எப்படிச் சொல்வான்? புடவைக்காரனிடம் சொல்லலாம், அவனால் வேலை போகாது அல்லவா? பின்னர் அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில், 1928 முதல், இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பேட்டி கண்டார்கள். வகுத்துவைத்த வினாக்களை விட்டு, தொழிலாளரை விரும்பியபடி பேசவிட்டபோதே உண்மை வெளிப்படும் என்று அவர்களும் உணர்ந்தார்கள். நம் ஐயரோ அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மூட்டையை இறக்கி வைத்துக் கேட்டுவிட்டார்!

கேட்டதோடு அவர் நிற்கவில்லை. கொழும்பில் குடியேறி ஏ. ஈ. குணசிங்காவுடன் தொழிற்சங்கப் பணியில் இறங்கினார், 'தேசபக்தன்' நடத்தினார், சட்டநிரூபண சபையிலும் வாதாடினார். இந்தியத் தொழிலாளர்மீது வெறுப்பு மூண்டபோது குணசிங்காவைப் பிரிந்து, 1931-ல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் கண்டார். எழுத்தறியாதோரிடம் பத்திரிகை எங்ஙனம் செல்லும்? அவர் மனைவி மீனாட்சியம்மையார் பாட்டுக் கட்டிப் பாடினார். என் நோக்கில், கணவரின் கட்டுரைகளுக்கு அப்பாட்டுகள் சற்றும் குறைந்தவையல்ல.

1936-ல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்தவர், 1947 நவம்பரில் காலமானார். அவர் மூட்டை சுமந்து கண்ட அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் அடுத்த ஆண்டு நிறைவேறியது.