பதவி போயினும் பணி போகவில்லை

சேனாதிபதிப் பதவி பறிக்கப்பட்ட பின்னும் அதே சேனையில் நின்று போர் புரிந்த வீரர் சரித்திரத்தில் அரியர். அத்தகையோருள் தலைசிறந்தவர் காலித் இப்னு வலீத்.

மக்காவில் குறைஷிக் குலத்திற் பிறந்த அவர், 625-ல் உஹது யுத்தத்தில் நபிகள் நாயகத்தின் படையை எதிர்த்தே போரிட்டார். பின்னர் இஸ்லாத்தைத் தழுவி, 629-ல் மூத்தா களத்தில் தலைவர் மூவர் மாண்டபின் தலைமை ஏற்றுச் சேனையைக் காத்து மீட்டார். இறைவனின் வாள் என்னும் பட்டம் அவருக்கு உரியதாயிற்று. 634-ல் கலீபா அபூபக்கரின் ஆணைப்படி ஈராக்கினின்று பாலைவனங் கடந்து ஸிரியா புகுந்தார்.

அவ்வாண்டே அபூபக்கர் காலமானார். அடுத்த கலீபா உமர், தலைமையை அபூ உபைதாவிடம் ஒப்புவித்தார். காலித் கலகம் செய்தாரில்லை. தமக்கெனக் கட்சி சேர்த்தாருமில்லை.

பாரஸீகத்தை முறியடித்துப் புகழ் பெற்றிருந்த ஹிராக்ளியஸ் சக்கரவர்த்தி அனுப்பிய பெருஞ்சேனை, 636 ஆகஸ்டில் யர்மூக் நதியருகே திரண்டு நின்றது. ஆறு நாள் நடந்ததாகக் கூறப்படும் அப்போரில் தலைவர் அபூ உபைதா. வியூகம் வகுத்தவரோ காலித். குதிரைப்படையைத் தனியே நிறுத்தி, அணி தளர்ந்த இடத்தில் அதனைப் பாய்ச்சினார். பின்வாங்கிய எதிரிகள் பள்ளத்தாக்குகளில் வீழ்ந்தழிந்தனர். ஸிரியா கிழக்கு ரோம சாம்ராஜ்யத்தின் கையினின்று நழுவிற்று.

பிற்பாடு உமர் அவரை அறவே விலக்கினார். வெற்றி இறைவனால் அன்றி ஒரு மனிதனால் வருவதென்று ஜனங்கள் மயங்கலாகாது என்பதே காரணமென மரபு கூறும். எத்தனையோ போர் கண்ட அவ்வீரர் 642-ல் படுக்கையில் உயிர் நீத்தார். ஹோம்ஸ் நகரில் அவர் பெயர் தாங்கிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது.

நாற்காலியை இழந்த மறுநாளே கொள்கையையும் துறப்போர், இவ்வாழ்க்கையைச் சிறிது சிந்திப்பாராக.