அசீஸிடம் கேட்கப்படாத கேள்வி

வேட்பாளரின் சமயத்தை அறிந்த பின்னரே அவரது கொள்கையை விசாரிப்போரை இன்றும் காண்கின்றோம். தெமோதரைத் தோட்டங்களின் தமிழ், முஸ்லிம் வாக்காளருக்கு மர்ஹூம் அப்துல் அசீஸை நினைவூட்ட விரும்புகின்றோம்.

1911இல் பிறந்த அசீஸ் முஸ்லிம். தமிழ் அவரது தாய்மொழியுமன்று. தோட்டத் தொழிலாளரோ பெரும்பாலும் இந்துக்கள். எனினும் 1940களில் அவர்களது இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவராக அவர் விளங்கினார். 1947இல் அக்கட்சியின் சார்பில் பதுளையில் எஸ்.எம். சுப்பையா தெரிவானார், பின்னர் மஸ்கெலியா இடைத்தேர்தலில் அசீஸ் வென்றார். சம்பளத்துக்காக யார் வாதாடுவார் என்பதையே தொழிலாளர் நோக்கினர் எனக் கருதுகின்றோம்.

மதம் கேட்காத அம்மக்களிடம் அரசு தந்தையின் பிறப்பிடத்தைக் கேட்டது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களது வாக்கைப் பறித்தன. 1952இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. பறிபோன வாக்கு மீளவில்லை.

தொண்டமானுடன் அவருக்கு ஏற்பட்ட பிணக்கு, எம் பார்வையில், தலைமை பற்றியதே, சமயம் பற்றியதன்று. 1956இல் அவர் ஜனநாயக தொழிலாளர் காங்கிரஸை நிறுவினார். 1970இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார், 1990இல் மறைந்தார். அவரது சங்கத்திற்குச் சந்தா செலுத்தியோருள் மிகப் பலர், மாரியம்மன் திருவிழாவுக்கும் அதே சம்பளத்தில் பணம் ஒதுக்கியவர்கள்.