நீர்ப்புட்களைப் படம்பிடித்த மா. கிருஷ்ணன்

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் நீர்க்காகம் மூழ்கி மீன் பிடிப்பதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். கைத்தொலைபேசியால் அதனைப் படமெடுக்க முயன்றோரும் உளர். படத்தில் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு கரும்புள்ளியும் சிறிது நீர்வளையமுமே. மீன் பிடிக்கும் பறவையைப் படம்பிடிப்பது எத்துணை அரிய செயல் என்பதை உணர இவ்வொரு முயற்சியே போதும். அவ்வரிய செயலில் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் வரலாறு இது.

மா. கிருஷ்ணன் 1912 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலால் புகழ்பெற்ற அ. மாதவையா. உப்பு, சுங்கத் துறையில் உத்தியோகம் பார்த்த மாதவையா, பணியிலிருந்து விலகித் தமிழ்த் தொண்டில் ஈடுபட்டார். 1925 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக மண்டபத்தில், பட்டப்படிப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமெனப் பேசி அமர்ந்தவர், அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். எட்டுப் பிள்ளைகளுள் கடைக்குட்டியான கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

குடும்பம் வாழ்ந்தது மயிலாப்பூரில். அக்காலத்து மயிலாப்பூர் இன்றைய நகர்ப்புறம் அன்று. தோப்பும் புதரும் நிறைந்த இடம். தெற்கே சிறிது தொலைவில் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். அங்கே சேற்றுத் திட்டுகளில் உள்ளான்களும் நீர்மேல் ஆலாக்களும் திரண்டிருக்கும். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற கிருஷ்ணன், தேர்வுகளில் முன்வரிசையில் நின்றவரல்லர். (இதனைப் படிக்கும் மாணவர் சிலர் ஆறுதல் கொள்வாராக, ஆசிரியர்கள் என்னைப் பொறுத்தருள்க.) ஆயினும் தாவரவியற் பேராசிரியர் பைசன் அவரைத் தம்மோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்கு அழைத்துச் சென்றார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். கண்ணால் கூர்ந்து நோக்கும் பழக்கம் வகுப்பறையிலன்றி அம்மலைச் சரிவுகளில் உருப்பெற்றது எனலாம்.

சட்டமும் படித்தார்; ஆனால் வழக்கறிஞர் தொழிலில் நிலைக்கவில்லை. 1942 ஆம் ஆண்டு பெல்லாரியை அடுத்த சந்தூர் சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் செயலாளர் எனப் பல பதவிகளை வகித்தார். சமஸ்தானம் 1949 இல் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எவரிடமும் சம்பளம் பெறும் உத்தியோகத்தை ஏற்காது, எழுத்தையும் படத்தையும் நம்பியே குடும்பம் நடத்தினார். காட்டுயிர் பற்றி எழுதிப் பிழைப்பதென்பது அந்நாளில் யாரும் கேள்விப்படாத துணிவு. 1950 இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிய தொடரொன்றைத் தொடங்கினார்.

அவருடைய புகைப்படக் கருவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. ஒரு கம்பனியின் கமராவின் உடலோடு வேறொன்றின் வில்லையைப் பொருத்தி, வேறு பல உறுப்புகளையும் சேர்த்து, அவரே கூட்டியமைத்த பெரிய கருவி அது. அசாமில் தேயிலைத் தோட்ட நிருவாகியாயிருந்து இயற்கை ஆராய்ச்சியிலும் சிறந்து விளங்கிய ஈ. பி. ஜீ என்பார், 1964 இல் வெளியான தம் நூலில் அதனைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். தோற்றத்தில் வேடிக்கையாயிருந்த அக்கருவி செயலில் சிறந்திருந்ததே அவருக்குப் பெருவியப்பு. தேயிலை மலையில் வாழும் நமக்கு இச்செய்தி சற்று நெருக்கமானது.

இத்தகைய கருவியால் பறக்கும் புள்ளைப் பிடிப்பதில் உள்ள இடர் யாது? செக்கனுக்குப் பத்து மீற்றர் விரையும் பறவை, செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலும் ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். சிறகு நுனியோ அதனினும் விரைவாக அசையும். நீண்ட வில்லையைப் பூட்டினால் தெளிவாய்த் தெரியும் ஆழம் குறுகிவிடும். பறவை சற்று முன்னோ பின்னோ சென்றாலும் உருவம் மங்கும். தானாகக் குவியும் வில்லையோ நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளும் வசதியோ அன்று இல்லை. சுருளில் இருப்பன சில படங்களே. எனவே விரைவுக்கு ஈடாக வைக்கக்கூடியது அறிவு ஒன்றே. ஆலா மீனைக் கண்டதும் அந்தரத்தில் சிறகடித்து ஒரு கணம் நின்று, பின்னரே பாயும். பாம்புத்தாரா நீருள் மூழ்கி மீனைக் குத்தி, கழுத்தை மட்டும் வெளியே நீட்டும். கரையேறிச் சிறகை விரித்துக் காயவைக்கும். இவ்வொழுங்கை அறிந்தவன் விரல் முன்கூட்டியே ஆயத்தமாயிருக்கும்; அறியாதவனுக்கு எத்துணை விலையுயர்ந்த கமராவும் வெறுங்கூடே.

அவர் பலகால் சென்று எழுதியும் படமெடுத்தும் வந்த இடங்களுள் ஒன்று, சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றரில் உள்ள வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேயர் பரப்புள்ள சிற்றேரி. அதில் நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலே நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கரண்டிவாயனும் கூடு கட்டும். இரை தேடச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கழிகளுக்கும் பறந்து போய் மீளும். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், சுடுவோரைத் தடுக்கக் கோரி 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைக் கலெக்டரிடம் உத்தரவு பெற்றனர். 1936 இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேட்டுச் சத்தத்தை அறியாத பறவை மனிதனைக் கண்டு பதறுவது குறைவு. படமெடுப்பவனுக்கு இதனிலும் பெரிய உதவி வேறில்லை. அவ்வகையில் அங்கே பிடிக்கப்பட்ட ஒவ்வொரு படத்திலும் அவ்வூர் உழவர்க்கும் பங்குண்டு என்பது என் துணிபு.

வண்ணப்படம் பரவிய பின்னரும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை. உயிரை அதன் சூழலோடு காட்டுவதே அவர் நோக்கு. இன்று மன்னார் வங்காலைக் கழியிலும் வேறிடங்களிலும் நீண்ட வில்லையோடு கூடுவோர் பெருகிவிட்டனர். கூட்டருகே சென்று தாய்ப்பறவையை எழுப்பி விடுவோரும் அவருள் உண்டு. நண்பகல் வெயிலில் குஞ்சு வாடும். காகம் முட்டையைக் கொண்டு போகும். அவ்வாறு கிடைக்கும் படத்தை நான் படமாகக் கருதேன்.

1968 இல் ஜவஹர்லால் நேரு ஆய்வுநிதி பெற்றுத் தென்னிந்தியக் காட்டு விலங்குகளை ஆராய்ந்தார். தமிழிலும் துப்பறியும் நாவல் உட்படப் பலவற்றை எழுதினார். ஸ்டேட்ஸ்மன் தொடரோ நாற்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது. 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் நாள் அவர் சென்னையில் காலமானார். அன்றைய பத்திரிகையிலும் அவர் கட்டுரை வந்திருந்தது.