நாடிழந்த மன்னர் தேடிய செல்வம்

ராஜ்யத்தைப் பறிகொடுத்த மன்னர் பலரை நமது சரித்திரம் அறியும். பறிகொடுத்த பின்னரும் அறிவைத் தேடி உழைத்தவர் வெகு சிலரே. அவர்களுள் தலையாயவர் தஞ்சை இரண்டாம் சரபோஜி மகாராஜா.

1777-ஆம் வருஷம் பிறந்த இவரைத் துளஜா மன்னர் தத்தெடுத்தார். சிற்றப்பன் அமர்சிங்கின் ஆட்சியில் இன்னலுற்று, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் ஆதரவால் சென்னை சென்று கல்வி பயின்றார். 1798-இல் பட்டமேறினார். மறு வருஷமே காவேரி பாயும் நெல்வயல்களின் நிர்வாகம் முழுவதும் கும்பெனியார் வசமாயிற்று. கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே அவருக்கு மிஞ்சின.

அக்கோட்டைக்குள் வேறொரு ராஜ்யத்தை அவர் நிறுவினார். தன்வந்திரி மஹாலில் நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் ஒருங்கே ஆராயப்பட்டன. மின்சாரம் தவளையின் தசையைத் துடிக்கச் செய்வதை இத்தாலியப் பண்டிதர் கால்வானி 1791-இல் வெளியிட்டிருந்தார். உடலின் இயக்கத்தைப் பரீட்சித்தே அறிய வேண்டுமென்னும் அக்காலத்து ஆர்வம் தஞ்சையையும் எட்டிற்று. 1826-இல் ஹீபர் பாதிரியார் வந்த காலத்தில் அரண்மனையில் மின்சார யந்திரமும் தந்தத்தாலான எலும்புக்கூடும் இருந்தன. 40-க்கு மேற்பட்ட கண் நோயாளிகளின் கண்கள் சித்திரமாகத் தீட்டப்பட்டன. நோயின் தன்மையும் சிகிச்சையின் பலனும் உடன் எழுதப்பட்டன.

1832-இல் மன்னர் மறைந்தார். 1855-இல் அவர் வம்சத்தின் அரசுரிமையும் போயிற்று. பறித்த கும்பெனியும் பின்னர் மறைந்தது. அவ்வேடுகளோ சரஸ்வதி மஹாலின் செல்வமாக இன்றும் நிற்கின்றன. அதிகாரம் பறிபோகலாம், ஆராய்ந்து எழுதிவைத்த அறிவைப் பறிப்பார் எவருமில்லை.